காலே அரைக்கால்

முதலில் ஸ்பேனர்கள்.
பதின்மூன்று மில்லிமீட்டர் ஸ்பேனர்
அரை அங்குல நட்டின் மேல் உட்கார்ந்துவிடும்,
உட்கார்ந்த மாதிரி இருக்கும்,
அழுத்தியதும் ஆறு மூலையையும் மழித்துவிட்டு வழுக்கும்.
ஆகவே அங்குலக் கணக்கில் ஒரு செட்:
அரை, அரையே வீசம், அரையே அரைக்கால், முக்கால்.
காலே அரைக்காலே வீசம் மட்டும் இரண்டு.
ஒன்று எப்போதும் காருக்கடியில் எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளும்.

டெக்வென் இந்தப் பெயர்களில் எண்ணுவதில்லை.
வெல்ஷ் மொழியில் முணுமுணுத்தபடி
கையால் தடவி எடுப்பாள்.
நான்தான் தமிழில் எண்ணுகிறேன்.
கால், அரைக்கால் என்று வரும்போது
அவள் முழங்காலைப் பார்க்காமலிருக்க முயல்கிறேன்.

இடது முழங்கால் மடங்காது.
தான் ஓட்டிய பள்ளிப் பேருந்தின் படியில்
ஒரு ஜனவரிப் பனிக்கட்டி.
உள்ளே ஒரு தகடு, ஒன்பது திருகாணிகள்,
அவை மில்லிமீட்டரில்.

கொட்டகையில் நிற்பது எழுபத்தொன்றாம் வருடத்து எம்.ஜி.பி.,
கடுகு மஞ்சள்,
மூன்று பெடல்.
இரண்டுக்குத்தான் ஆள் இருக்கிறது.

நவம்பர் முழுக்கப் பட்டியல் எழுதினாள்,
மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில்.
ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி: உடலை வெட்ட வேண்டும், அடித்தாள்.
ஸ்டுட்கார்ட்டிலிருந்து வரும் மின்சார கிளட்ச்:
விலையைப் பார்த்து உரக்கச் சிரித்தாள், அடித்தாள்.
கையால் இழுக்கும் நெம்புகோல்,
ஸ்டீயரிங் வளையத்துக்குப் பின்னால்,
கட்டைவிரல் வளையத்தில் இருக்க மற்ற நாலு விரல் இழுக்கும்படி.
அடிக்கவில்லை.

பக்கத்து வீட்டு பெர்வினிடமும் ஒரு எம்.ஜி.பி. உண்டு,
தொழிற்சாலையில் ஒட்டிய ஸ்டிக்கர் சகிதம்.
டேஷ்போர்டில் துளை போடப் போகிறாள் என்று கேட்டதும்
தேநீரைப் பாதியில் வைத்துவிட்டான்.
"ஒரு துளை போட்டால் அது வேறு கார்."
"நானும்தான்" என்றாள்,
பிஸ்கட் டப்பாவை அவன் பக்கம் தள்ளி.

முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டர் முதலில்.
இரண்டு கையால் தொங்கினாலும் அசையவில்லை.
கால் செய்த வேலை எவ்வளவு என்று
அன்றுதான் கைக்குத் தெரிந்தது.
சிறியதை வரவழைத்தாள், அரையே அரைக்கால்.
வெண்ணெயில் கத்தி போல வந்தது நெம்புகோல்.
வந்து என்ன?
தள்ளிய எண்ணெய் போதவில்லை,
கிளட்ச் முழுக்க விலகவில்லை.
முதல் கியர் போட்டபோது கிளம்பிய சத்தத்தில்
மூன்று வீடு தள்ளி ஒரு நாய் எழுந்தது.

டிசம்பரில் எதுவும் நடக்கவில்லை.
மழை. கொட்டகை ஹீட்டர் வேறு போனது.
பாங்கர் மருத்துவமனையிலிருந்து கடிதம்:
இரவல் வாங்கிய ஊன்றுகோல் ஒன்றைத்
தயவுசெய்து திருப்பித் தரவும்.
இரண்டாவது நினைவூட்டல்.

கோல் வாசல் மூலையில் சாய்ந்திருந்தது.
அலுமினியக் குழாய்,
உயரம் கூட்டிக் குறைக்க வரிசையாய்ப் பத்துத் துளை,
ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே இடைவெளி.
கடிதத்தைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள்.
வெர்னியரை எடுத்தாள்.
துளை, பொய் சொல்லாமல், காலே அரைக்கால்.
போல்ட் டப்பாவில் அந்த அளவுதான் நிறையக் கிடந்தது.

ரம்பத்தின் பல் நெருக்கமாக இருக்க வேண்டும்,
அங்குலத்துக்கு முப்பத்திரண்டு,
இல்லாவிட்டால் மெல்லிய குழாயைக் கடித்துக் குதறும்.
அது அவளிடம் இல்லை.
பெர்வினிடம் இருந்தது.
எதற்கு என்று அவன் கேட்கவில்லை.
துளையிடும்போது துருப்பிடிக்காமல் ஓரத்தில் பூச
ஒரு சிறு டின் பிரைமரும் சேர்த்துக் கொடுத்தான்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மறுபடி முக்கால் சிலிண்டர். நீண்ட நெம்புகோல்.
ஐந்தாம் துளையில் கனம்,
எட்டாம் துளையில் கை கதவில் இடித்தது,
ஏழு.

ஞாயிறு காலை பின்பக்கமாக வெளியே வந்தாள்,
சந்து முனைவரை,
தேவாலயத்துக்கு எதிரே இஞ்சினை அணைய விட்டாள்.
பிரார்த்தனைக்குப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.
மறுபடி கிளப்பினாள், மறுபடி அணைந்தது.
மூன்றாம் முறை நாலு விரல் தானே தளர்ந்தது,
அளவாக, ஒரு வீசம் ஒரு வீசமாக.
பலகைக்கல் மலைக்கு ஏறும் சாலையில்
கியர் இரண்டு,
கியர் மூன்று.

மூன்றாவது நினைவூட்டல் திங்களன்று வந்தது.
பதில் எழுத உட்கார்ந்திருக்கிறாள்:
ஐயா, கோல் இன்னமும் பயன்பாட்டில் உள்ளது.